முதியோரிடையே களப்பணி: நமக்குள் எது வளரும், எப்படி வளரும்?

கேள்வி இதுதான். பொது சுகாதாரம் படிக்கும் ஒருவர் மூன்று மாதம் ஒரு குடியிருப்புப் பகுதியில் 60 வயதைக் கடந்தவர்களிடையே களப்பணிக்குப் போகிறார். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், நடை, நினைவாற்றல், மருந்து விவரம் எல்லாம் பார்க்க வேண்டும். வாரம் ஒரு குழுக் கூட்டமும் உண்டு. "மதிப்பெண்ணைத் தவிர எனக்கு இதில் என்ன கிடைக்கும்? ஒரு மனிதராக நான் வளர இது உதவுமா? எப்படித் தயாராவது?" என்று கேட்கிறார்.

உதவும். ஆனால் "பரிவு வளர்ந்தது, பொறுமை வந்தது" என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார்களே, அந்த வளர்ச்சியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒருநாள் முகாமுக்குப் போய் வந்தவர்கூட அதை எழுதிவிடலாம். களப்பணி ஆளை மாற்றுவது வேலையின் நுணுக்கங்கள் வழியாகத்தான். கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது, கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதுவது, சொன்ன தேதியில் திரும்பிப் போய் நிற்பது. இந்த மூன்றிலும் ஒழுங்கு வந்தால் மற்றது தானாக வரும். வராவிட்டால் மூன்று வருடம் தெருத்தெருவாகச் சுற்றினாலும் கால் வலிதான் மிச்சம்.

முதலில் பேச்சு. வயதால் வரும் செவித்திறன் குறைவு, உச்ச சுருதி ஒலிகளைத்தான் முதலில் பறித்துக்கொள்ளும். ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் மங்கிவிடும், உயிரொலிகள் கேட்கும். அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பார்கள். புதிதாக வருபவர்கள் உடனே கத்துவார்கள். கத்தினால் குரலின் சுருதி ஏறும். அதாவது அவருக்குக் கேட்காத பக்கத்துக்கே குரல் நகரும். முகமும் சண்டைக்கு வந்தவர் முகம்போல ஆகிவிடும். குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிதானமாக, ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி, அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். உங்கள் முகம் இருட்டாகிவிட்டால் உதட்டசைவை அவரால் பிடிக்க முடியாது. எந்தக் காது தேவலை என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். டிவியை நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம். கண்ணாடியும் செவிக்கருவியும் எங்கே என்று முதலிலேயே கேளுங்கள். பல வீடுகளில் செவிக்கருவி பேட்டரி தீர்ந்துபோய் அலமாரியில்தான் கிடக்கும்.

அடுத்தது காத்திருப்பது. கேள்வியைக் கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். புதியவர்கள் இரண்டு வினாடி பொறுத்துவிட்டு, அதே கேள்வியை வேறு வார்த்தையில் போட்டுவிடுகிறார்கள். அவரோ முதல் கேள்விக்கு நினைவைத் துழாவிக்கொண்டிருப்பார். இரண்டாவது கேள்வி வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மூன்றாவதும் வந்தால் "ஒண்ணும் இல்லைப்பா, நல்லா இருக்கேன்" என்று முடித்துக்கொள்வார். படிவத்தில் "பிரச்சினை இல்லை" என்று பதிவாகும். அந்தப் பத்து வினாடியின் சங்கடத்தைத் தாங்கப் பழகுவதுதான் பலருக்கு இந்த வேலையில் வரும் முதல் நிஜமான மாற்றம். வகுப்பறையில் இது வராது, அங்கே சட்டென்று பேசுபவருக்குத்தான் மரியாதை.

கேள்வியின் அமைப்பும் முக்கியம். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்கதானே?" என்றால் "ஆமா" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வழியே இல்லை. "சில நாள் மாத்திரை விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்கும். போன ஏழு நாள்ல உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் எண் வரும். "விழுந்தீர்களா?" என்றால் மருத்துவமனைக்குப் போன விழுகையை மட்டும் சொல்வார்கள். "கடந்த 12 மாதத்தில் தடுக்கியோ வழுக்கியோ, காயம் படாவிட்டாலும், தரையில் உட்கார்ந்துபோனதுண்டா?" என்று கேளுங்கள். கூடவே, விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் எதையாவது செய்யாமல் விட்டுவிட்டாரா என்றும் கேளுங்கள். விழுந்தவரைவிட, விழுந்துவிடுவோம் என்று வெளியே வருவதையே நிறுத்தியவர் நம் கண்ணில் படுவது கடினம். அவர் குழுக் கூட்டத்துக்கும் வர மாட்டார்.

என்ன பார்ப்பது என்பதற்கு, உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட முதியோர் ஒருங்கிணைந்த பராமரிப்புக் கையேட்டின் முறை நல்ல எலும்புக்கூடு. நினைவாற்றல், நடமாட்டம், ஊட்டம், பார்வை, செவி, மனநிலை என்று ஆறு பகுதி. நடமாட்டத்துக்குக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்வதை 14 வினாடிக்குள் செய்ய முடிகிறதா என்று பார்ப்பது. ஊட்டத்துக்கு இரண்டே கேள்வி: கடந்த மூன்று மாதத்தில் முயற்சி செய்யாமலே 3 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி போய்விட்டதா. எடை தெரியாது என்பவரிடம் உடுப்பு தளர்ந்திருக்கிறதா என்று கேட்டால் போதும். நோய்களின் பெயரில் தொடங்காமல் அவரால் என்ன முடிகிறது என்பதில் தொடங்குவதுதான் இந்த முறையின் சிறப்பு. உங்கள் பார்வையும் அதோடு சேர்ந்து திரும்பும். "சர்க்கரை நோயாளி" என்று பார்த்தவரை, "படி ஏறுவார், ஆனால் மருந்துச் சீட்டின் எழுத்தைப் படிக்க முடியாது" என்று பார்க்கத் தொடங்குவீர்கள்.

அளவீட்டுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் நேர்மை என்பது இங்கே எண்ணாகவே தெரியும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து காபி, தேநீர், புகை, கடும் நடை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் ஏதாவது ஒன்றின்மேல் தாங்கலாக இருக்க வேண்டும். பட்டை உடுப்பின்மேல் அல்ல, வெறும் கையில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் எண் கூடும், கால் மேல் கால் போட்டால் கூடும், கைக்குப் பட்டை சிறிதாக இருந்தால் கூடும், பேசினால் கூடும். களத்தில் நடப்பது என்னவென்றால், அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாம் கேள்வித்தாளை நிரப்புவோம்! நேரம் மிச்சம் என்ற நினைப்பு. விளைவு, பிரஷர் இல்லாதவருக்குப் பிரஷர்.

பிறகு எழுந்து நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் படுத்தபின் ஒரு அளவு. எழுந்து நின்ற 1ஆம் நிமிடத்தில் ஒன்று, 3ஆம் நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிற்கும்போது அழுத்தம் விழும் நிலை. விழுகைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. "தலை சுத்துதா?" என்றால் பலரும் இல்லை என்பார்கள். "படுக்கையிலிருந்து எழுந்ததும் எதையாவது பிடிச்சுக்கணும்போல இருக்கா?" என்று கேட்டால், "அது தினமும்தான்" என்று பதில் வரும். அந்த மூன்று நிமிடமும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் நிற்க வேண்டும். பின்னால் நாற்காலி இருக்க வேண்டும்.

இப்போது உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி. முள் காட்டும் கருவியில் கோடுகள் 2 மில்லிமீட்டருக்கு ஒன்று. ஆகவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஏறக்குறைய சமமாக வர வேண்டும். பூஜ்யம் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் கடைசி ஐம்பது அளவுகளை எடுத்துப் பாருங்கள். பாதிக்குமேல் 120, 130, 140 என்று முடிந்தால் நீங்கள் கருவியைப் படிக்கவில்லை, தோராயத்தை எழுதியிருக்கிறீர்கள். யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, கண் தானாக முழு எண்ணுக்குப் போகிறது. ஆனால் தன் கையெழுத்திலேயே தன் சோம்பலை ஒருமுறை பார்த்துவிட்டவர் அதன்பின் மற்ற இடங்களிலும் பூசி மெழுகுவதைக் குறைத்துக்கொள்வார். சுயவளர்ச்சி என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதற்கு இதைவிட நேரடியான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நடைச் சோதனையில் 3 மீட்டரை அளந்து தரையில் கோடு போடுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, இருக்கை உயரம் சுமார் 46 சென்டிமீட்டர். வழக்கமாகப் போடும் செருப்பு, வழக்கமாகப் பிடிக்கும் கைத்தடி. "எழுந்து, வழக்கமாக நடக்கிற வேகத்தில் கோடுவரை போய், திரும்பி வந்து உட்காருங்கள்." "போங்க" என்று சொன்ன கணத்தில் கடிகாரத்தை ஓடவிட வேண்டும், அவர் எழுந்த பிறகு அல்ல. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து கூடுதல் என்று கொள்ளலாம். எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். எழும்போது கையை ஊன்றினாரா, திரும்பும்போது எத்தனை சிற்றடி வைத்தார், சுவரைத் தடவினாரா என்று எழுதுங்கள். எதிரே நின்று "வாங்க வாங்க" என்று கூப்பிடாதீர்கள். அவர் வேகத்தைக் கூட்டுவார், எண் பொய்யாகும், விழவும் கூடும். பக்கவாட்டில், அரையடி பின்னால் நடந்து வாருங்கள்.

நினைவாற்றல் சோதனையில்தான் தவறான முடிவு அதிகம். மூன்று சொல்லைச் சொல்லி, கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு சொற்களைக் கேட்கும் சிறு சோதனை ஐந்து மதிப்பெண்ணுக்கு; 3க்குக் குறைந்தால் மேல்பரிசோதனை வேண்டும். ஆனால் பள்ளிக்கே போகாதவர், பென்சில் பிடித்தே பழகாதவர் கடிகாரத்தில் தடுமாறினால் அது மறதி நோய் ஆகிவிடாது. காது கேட்காதவருக்குச் சொல் சரியாக விழுந்திருக்காது. மனச்சோர்வில் இருப்பவர் "தெரியல" என்று முயலாமலே விட்டுவிடுவார். மகனோ மகளோ பக்கத்திலிருந்து பதிலை எடுத்துக் கொடுப்பார்கள். ஆகவே முதலில் காது, பிறகு கண், பிறகு மனநிலை, கடைசியில் நினைவு என்ற வரிசை நல்லது. முடிவை அவர் முன்னால் பெயர் சூட்டிச் சொல்லாதீர்கள். இது சல்லடைதான், நோய்க் கணிப்பு அல்ல. ஒன்று மட்டும் விதிவிலக்கு. இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம், அரைத்தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்திருந்தால் படிவத்தை மூடிவிட்டு அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தொற்று, மருந்து, நீர்ச்சத்துக் குறைவு, பக்கவாதம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்; "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

"வயசாச்சு, அப்படித்தான்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வயதை வைத்து ஆளைக் குறைத்து எடைபோடும் இந்தப் போக்குக்கு 1969இல் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டியவர் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர். அதைச் சொல்பவர் பெரும்பாலும் வில்லன் அல்ல. பேரன், செவிலியர், சில நேரம் அந்த முதியவரே. சிறுநீர்க் கசிவு, தூக்கமின்மை, மூட்டுவலி, சோர்வு எல்லாமே அந்த ஒரே பதிலுக்குள் புதைந்துபோகும். உங்கள் குறிப்பேட்டில் "வயது காரணமாக" என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அதை அடித்துவிட்டு, உண்மையில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

மருந்துப் பை சோதனை எளிது, பலன் பெரிது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை, சொட்டு மருந்து, தைலம், கடையில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டார் கொடுத்தது அனைத்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், அளவு, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து, எதற்கு என்று அவர் நினைக்கிறார் என்று ஐந்து தகவல். ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயரில் இரண்டு வேளையும் உள்ளே போவது அபூர்வமல்ல. தூக்க மாத்திரையும், தூக்கம் வரவழைக்கும் சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களை விழவைக்கும், குழப்பும். ஐந்து மருந்துக்கு மேல் போனாலே மருத்துவர் ஒருமுறை மொத்தமாகப் பார்க்க வேண்டும். ஆனால் களத்தில் இருக்கும் நீங்கள் "இதை நிறுத்துங்கள்" என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. பட்டியல் போட்டு, மேற்பார்வையாளரிடம் காட்டி, மருத்துவரிடம் அனுப்புவதோடு உங்கள் எல்லை முடிகிறது. நிறையப் படித்த மாணவருக்கு இந்த எல்லையில் நிற்பதுதான் கடினம். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு தேர்ச்சிதான்.

ஒப்புதல் வாங்குவதைச் சடங்காக்காதீர்கள். வந்த முதல் நிமிடத்திலேயே உங்களால் முடியாததைச் சொல்லிவிடுங்கள்: மருந்து தர மாட்டோம், உதவித்தொகை வாங்கித் தர முடியாது, மூன்று மாதத்தில் போய்விடுவோம். படிவத்தை வாசித்துக் காட்டி, "நான் எதுக்கு வந்திருக்கேன்னு வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க?" என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். கையெழுத்துப் போடாதவரிடம் கைரேகை வாங்கும்போது, உங்கள் குழுவைச் சேராத ஒரு சாட்சி வேண்டும். மரியாதைக்காகச் சரி என்பவர்கள் உண்டு. பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கினாலோ, கண் வாசலுக்குப் போனாலோ, "இன்னொரு நாள் பார்க்கலாமா?" என்று நீங்களே எழுந்துவிடுங்கள். ஒரு சந்திப்பு 45 நிமிடத்தைத் தாண்டினால் கடைசிப் பக்கப் பதில்களை நம்பாதீர்கள். நீர் பிரியும் மாத்திரை போடுபவர்களுக்குப் போட்ட சில மணி நேரம் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும், அந்த நேரத்தைத் தவிருங்கள்.

தனிமையில் பேசும் வாய்ப்பையும் உண்டாக்க வேண்டும். சமூகத்தில் வாழும் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு உள்ளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வீட்டார் சூழ்ந்திருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பது அவருக்கே வினையாகும். நடைச் சோதனைக்காக வெளியே அழைத்துவருவது இயல்பான வாய்ப்பு. ஏதாவது தெரியவந்தால் வீட்டாரிடம் நியாயம் கேட்கக் கிளம்பாதீர்கள். நீங்கள் போன பின் அவர்தான் அங்கே இருக்கப் போகிறார். பொதுப் பதிவேட்டில் எழுதாமல் மேற்பார்வையாளரிடம் அன்றே நேரில் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னாலும் அப்படித்தான், இன்னும் அவசரமாக. பேச்சை மாற்றாதீர்கள், உபதேசம் செய்யாதீர்கள், தனியே விட்டுவிட்டு வராதீர்கள். அங்கிருந்தபடியே தொலைபேசியில் மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்பது முதல் நாளே உங்கள் அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் களத்துக்குப் போகாதீர்கள்.

குழுக் கூட்டம் பற்றிச் சுருக்கமாக. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பேச்சு பத்து நிமிடம், மீதி உடம்பை அசைக்கும் வேலை. சமநிலை, தசை வலு இரண்டையும் சேர்த்த பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்பது 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். பிடித்துக்கொள்ள நாற்காலி ஒவ்வொருவருக்கும் வேண்டும். துண்டுப் பிரசுரத்தின் எழுத்து 14 புள்ளிக்குக் குறைந்தால் அச்சடித்த காசு வீண்.

எல்லாவற்றையும்விட ஆளை மாற்றுவது பரிந்துரையைப் பின்தொடர்வது. மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதுவதோடு பெரும்பாலான களப்பணி முடிந்துவிடுகிறது. ஏழு நாளில் திரும்பிப் போய் "போனீர்களா?" என்று கேளுங்கள். போகவில்லை என்றால் காரணத்தை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்: கூட வர ஆள் இல்லை, மாடிப்படி, வரிசையில் நிற்க முடியாது, ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதினால் உங்களுக்கு அடுத்து செய்ய ஒன்றுமில்லை. "கூட வர ஆள் இல்லை" என்று எழுதினால் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது. தரவில் அவரைக் குற்றவாளியாக்கும் சொல்லை விட்டு, தடையைச் சொல்லும் சொல்லுக்கு மாறுகிற இடத்தில் உங்கள் மதிப்பீடுகளும் கூடவே மாறியிருக்கும்.

இந்த மாற்றத்தை அளக்க ஒரு முறை சொல்கிறேன். குறிப்பை அன்றிரவே எழுதுங்கள், மறுநாளுக்குத் தள்ளினால் உங்கள் ஊகம் அவர் பேச்சாக மாறிவிடும். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, பார்த்தது, அவர் சொன்னது, நான் நினைத்தது என்று தனித்தனியே. முதல் வாரக் குறிப்பில் மூன்றாவது பத்திதான் நிறைந்திருக்கும். எட்டாவது வாரத்தில் நடுப்பத்தி நீண்டு மூன்றாவது சுருங்கியிருந்தால் நீங்கள் கேட்கக் கற்றுவிட்டீர்கள். சம்மதம் வாங்கிய ஒலிப்பதிவு இருந்தால் இன்னும் எளிது, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று எண்ணினாலே போதும். சுருங்கவில்லை என்றால் சந்திப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்; ஒரு நாளைக்கு எட்டு வீடு என்ற இலக்கு வைத்தால் யாரும் எதையும் கேட்பதில்லை.

மூன்று மாதத்துக்குள் நீங்கள் சந்தித்தவர்களில் ஒருவர் இறந்துபோகலாம். அதற்கும் தயாராக இருங்கள். அவர் பெயர் இருக்கும் படிவத்தை அன்றே முடித்துக்கொடுக்க வேண்டியதில்லை. வாராந்தரக் கலந்துரையாடலில் அதைப் பற்றிப் பேச நேரம் கேளுங்கள், மேற்பார்வையாளர் தட்டிக் கழித்தாலும் விடாதீர்கள். துக்கம் விசாரிக்கப் போனால் கேள்வித்தாளை எடுத்துப்போகாதீர்கள்.

பிரிவதை முன்கூட்டியே தொடங்குங்கள். கடைசி மூன்று வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும் தேதியைச் சொல்லுங்கள். உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நான்காவது மாதம் நீங்கள் எடுக்காதபோது அவருக்கு அது பொய்யாகிவிடும். அவரிடமிருந்து எடுத்த எண்களை அவருக்கே பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிரஷர், எடை, மருந்துப் பட்டியல், அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி. முடியாமல் நிற்கும் பரிந்துரைகள் அனைத்தையும், யாருக்கு என்ன பாக்கி, ஏன் நின்றது, கடைசியாக யார் எப்போது பார்த்தார் என்ற விவரத்தோடு, அந்தப் பகுதியில் நிரந்தரமாக இருக்கும் சுகாதாரப் பணியாளரிடம் நேரில் உட்கார்ந்து ஒப்படைக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் போதாது. முடிந்தால் பாக்கி உள்ள வீடுகளுக்கு அவரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய், முதியவரின் முன்னாலேயே "இனி இவர் வருவார்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.